நூறு வேலியும் ரஜுலாவும்

வம்சாவளி வரைகிற பைத்தியம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. போன வாரம் ஜாசினில் ஒரு காதுகுத்து. பந்தியில் ரசம் ஊற்றுகிற நேரம் பார்த்து மச்சான் மகன் அட்டையை விரித்து, “மாமா, உங்க பாட்டனாரோட அப்பா பேரு?” என்கிறான். ரசம் இலையைத் தாண்டி வேட்டிக்கு ஓடுகிறது.  அந்த அட்டை முழுக்க நூறு வேலி.

மலாக்காவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் ஊரில் நூறு வேலி. புக்கிட் அசகானில் பால்மரம் வெட்டியவர் பேரனுக்கும் நூறு வேலி, மெர்லிமாவில் புல் வெட்டியவர் பேத்திக்கும் நூறு வேலி. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேல். எல்லார் நிலத்தையும் கூட்டினால் தஞ்சாவூர் ஜில்லா நாகப்பட்டினத்தோடு நிற்காது. கடலுக்குள்ளும் நடவு நட்டிருக்க வேண்டும். வானம் பார்த்த சேலத்துக் காட்டிலிருந்து வந்தவர்களும் இதே கணக்குதான் சொல்கிறார்கள். அவ்வளவு நிலம் வைத்திருந்தவர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏன் கப்பலேறினார்? விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றது என்ன, வேண்டுதலா? கேட்டால், “பங்காளி ஏமாத்திட்டான்.” ஏமாந்தவர்கள் மட்டும்தான் கப்பலேறினார்கள் போலிருக்கிறது. கடனுக்கும் சாதிக்கும் தப்பி வந்தவர் ஒருவர்கூட எங்கள் அட்டையில் இல்லை.

கப்பலும் எல்லாருக்கும் ஒன்றுதான்: ரஜுலா. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபோதே பூட்டன் வந்துவிட்டாராம், வந்தது ரஜுலாவில். அந்தக் கப்பலைக் கட்டியதே 1926-இல்தான் என்றேன். “அதுக்கு முன்னாடி வேற ரஜுலா ஓடுச்சுடா,” என்றார் பெரியம்மா. தோட்டக் கூலிக்கு ஆளனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்தவர்களைக் கேட்டால் எல்லாரும் முதல் வகுப்பு. டெக்கில் பாய் விரித்துக் கிடந்தவர்கள் பிள்ளை குட்டி இல்லாமலே போய்விட்டார்களா?

இத்தனை வேலிக்கும் அட்டையில் இடமிருக்கிறது. ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வெட்டுக்குப் போன பாட்டிகளுக்கு மட்டும் ‘மனைவி’ என்று ஒரு கட்டம். பெயர் எங்கே என்றேன். “இடம் பத்தல மாமா.”

அடுத்து ஊருக்குப் போய் நிலத்தை மீட்கப்போகிறானாம். செலவுக்கு ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி கேட்கிறான். நான் இன்னும் கொடுக்கவில்லை. என் பங்கு எத்தனை வேலி என்று முதலில் சொல்லட்டும்.