நனையாத உத்தியோகம்

பிரிட்டனின் பொது நீச்சல்குளங்களில் உயிர்காப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வழக்கமாகக் கேட்கப்படுவது, 1891இல் தொடங்கப்பட்ட ராயல் லைஃப் சேவிங் சொசைட்டியின் ‘என்.பி.எல்.கியூ.’ சான்றிதழ். 16 வயது நிரம்பியவர் அதற்குப் படிக்கலாம். சில குளங்களில் ஆளை முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டு, பிறகு படிக்க வைப்பார்கள். இப்படிச் சேர்பவர் பயிலுநர். விசில் கழுத்துக்கு வரும்வரை அவர் கையில் இருப்பது தரை துடைக்கும் மாப்பு.

நுழைவுச் சோதனை தண்ணீரில் நடக்கும். ஆழமான பக்கத்தில் குதிக்க வேண்டும். 50 மீட்டரை 60 நொடிக்குள் கடக்க வேண்டும். 100 மீட்டரைக் குப்புறவும் மல்லாந்தும் நிற்காமல் நீந்த வேண்டும். 30 நொடி நின்ற இடத்திலேயே மிதக்க வேண்டும். முங்கித் தரையைத் தொட வேண்டும். கடைசியில் ஏணியைத் தொடாமல் கரையேற வேண்டும். முதல் ஐந்திலும் மீனாக இருந்தவர் ஆறாவதில் அரிசி மூட்டையாகிவிடுவார். வயிறு கரையில், கால் தண்ணீரில், மானம் இரண்டுக்கும் நடுவில்.

அடுத்தது பார்க்கப் பழகுவது. தன் பகுதி முழுவதையும் 10 நொடிக்குள் கண்ணால் அளந்து, தத்தளிப்பவரை அடுத்த 20 நொடிக்குள் எட்டிவிட வேண்டும் என்பது விதி. இதில் ஒரு சிக்கல் உண்டு. கையை ஆட்டி, “காப்பாத்துங்க!” என்று அலறி மூழ்குவதெல்லாம் பெரும்பாலும் சினிமாவில்தான். நீச்சல் தெரியாதவர் மூழ்கும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது, கத்துவது எங்கே? உடல் செங்குத்தாக நிற்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், வாய் மூழ்கி மூழ்கி எழும், சத்தமே வராது. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா இதை 1970களில் விளக்கினார். ஆகவே, கூரை அதிரக் கூச்சல் போடும் பத்துப் பிள்ளைகளும் சௌக்கியம். மூலையில் சாதுவாக இருக்கும் பதினோராவது பிள்ளைதான் கவலை. இந்தப் பாடம் ஏறிய பிறகு, வீட்டில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் பயிலுநருக்குப் பதறும்.

விசிலுக்கும் இலக்கணம் உண்டு. குட்டையாக ஒன்று, நீந்துபவரை அழைக்க. இரண்டு, சக காப்பாளரை அழைக்க. மூன்று, ஆபத்து, காப்பாளர் களம் இறங்குகிறார். நீளமாக ஒன்று, எல்லாரும் வெளியே. மூன்று விசில் வந்தால் அடுப்பை அணைத்துப் பழகியவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மீட்பில் குதிப்பது கடைசி வழி. முதலில் குரல் கொடுக்க வேண்டும், பிறகு கோலை நீட்ட வேண்டும், அதற்கும் பிறகு கயிற்றையோ மிதவையையோ வீச வேண்டும். எதுவும் ஆகாதபோதுதான் குதிக்கலாம். குதிக்கும் ஆசையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம்.

முதலுதவிப் பாடம் பொம்மையோடு. நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் 5 முறை மூச்சு ஊத வேண்டும்; பின்பு 30 முறை மார்பை அழுத்தி, 2 முறை ஊத வேண்டும். பெரியவர் என்றால் அழுத்தம் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பயிலுநருக்குப் பதினேழில் எண்ணிக்கை தவறும், இருபத்தைந்தில் முழங்கால் கெஞ்சும். பொம்மையோ எத்தனை முறை காப்பாற்றினாலும் நன்றி சொல்லாது. மறுநாள் மறுபடி மூச்சில்லாமல் கிடக்கும்.

இடையிடையே குளத்து நீரைச் சோதிக்கவும் கற்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ சுத்தத்தின் அடையாளம் என்றே பலர் நம்புகிறார்கள். உண்மையில் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாக்கும் குளோரமின்களின் வாடை அது. இதை அறிந்த நாள் முதல் பயிலுநர் வாயை மூடிக்கொண்டு நீந்துவார்.

தேறியவருக்கு மஞ்சள் சட்டை, சிவப்பு அரைக்கால் சட்டை. சான்றிதழ் 2 ஆண்டுகள் செல்லும். அதுவரை தொடர்ந்து பயிற்சி, அதன் பின் மறுபடி தேர்வு. மாலையில் சட்டை காய்ந்தபடியே வீடு திரும்பினால் அன்றைய வேலை சரியாக நடந்தது என்று பொருள். நனைந்தது மாப்பு மட்டும்.