கரண்டுக் காருக்கு ஒரு சலங்கை

வாய்யா மருமகனே, உக்காரு. பச்சை நம்பர் பிளேட்டு தெருவுக்குள்ள நுழைஞ்சதுமே ஊருக்குத் தெரிஞ்சு போச்சு, நீ கரண்டுக் காரு எடுத்துட்டேன்னு. 24 யூனிட்டு பேட்டரி வச்ச டியாகோவா? நல்லது. மிச்ச சாமானையெல்லாம் வீட்டுலயே செஞ்சுக்கிடுவேன்னு சுத்தியலும் கையுமாத் திரியிறியாம்ல. செய்யி.

மொதல்ல சலங்கை. சிரிக்காத. நேத்து நீ வந்து நின்னது நம்ம கோழிக்கே தெரியல. வாசல்ல படுத்திருந்த நாய் நீ ஆரன் அடிச்ச பெறகுதான் சலிச்சுக்கிட்டு எந்திரிச்சுது. ஐரோப்பாவுல இதுக்குச் சட்டமே இருக்கு. 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் கரண்டுக் காரு தானா சத்தம் போட்டுக்கிட்டே போகணும். 2021லேர்ந்து அங்க விக்கிற புதுக் காருக்கெல்லாம் கட்டாயம். உன் பாட்டன் எந்தச் சட்டமும் படிக்காமலே காளைக் கழுத்துல கட்டி விட்டான். அந்தப் பித்தளைச் சலங்கை என் பரண்லதான் கெடக்கு. உன் பொஞ்சாதி சம்மதிச்சா பம்பர்ல கட்டிக்கோ.

முன் கண்ணாடிக்கு ஒரு கோரைப்பாய அளவா நறுக்கிச் சொருகு. வண்டி வெயில்ல வெந்து கெடந்தா ஏசி பேட்டரியத்தான் உறிஞ்சும், கிலோமீட்டர் கொறையும். அதுக்காக அத்தை கல்யாணத்துக்குப் பேரு போட்டு நெஞ்ச பத்தமடைப் பாயில கத்தரியை வச்சிராத. என்னால சாட்சிக்கு வர முடியாது.

கேபிளச் சுத்தி வைக்க பழைய சைக்கிள் ரிம்மு ஒண்ணச் செவுத்துல அடி. தரையில போட்டா எலிக்கு விருந்து. சார்ஜ் போடுற வாய்க்கு மழைக் குல்லா வேணும்னா, கட்சிக்காரங்க விட்டுட்டுப் போன பிளக்ஸ் இருக்கு. எந்தத் தலைவர் மூஞ்சி மேல வருதுன்னு பாத்து வெட்டு, ஊரு ரெண்டாப் போயிரும்.

பூசை போடு, வேண்டாங்கல. பின்னால இருக்கிற கேமராவுக்கும் சேத்துப் பொட்டு வச்சா ரிவர்ஸ் எடுக்கையில டிவியில சந்தனக்காப்புதான் தெரியும். ஏர்பேக்குன்னு எழுதின மூடி மேல பிள்ளையார ஒட்டாத. பலூன் வெளிய வாற வேகத்துல சாமி நேரா மூஞ்சிக்கே வந்துருவாரு.

இனி வயரு. தோட்டத்து மோட்டார் ரூம்லேர்ந்து இழுக்கலாமான்னுதான யோசிக்கிற? எனக்கு அந்தப் புத்தி உனக்கு முந்தியே வந்துச்சு. வெவசாயத்துக்குன்னு குடுத்த இலவசக் கரண்டக் காருக்கு ஊத்தினா, மின்வாரியத்துக்காரன் நம்ம திண்ணையிலயே குடியேறிருவான். வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு சும்மா தாரான். நாலு தடவ வயிறு நெறயக் குடிச்சா உன் காரு அதையும் முழுங்கிரும்.

மிக்சி அஞ்சு நிமிசம் ஓடும். இது 15 ஆம்பியர் பிளக்குல எட்டொம்பது மணி நேரம் நிக்காமக் குடிக்கும். கல்யாணப் பந்தல் வயர வச்சு எக்ஸ்டென்ஷன் செஞ்ச ஒரு மகராசனை எனக்குத் தெரியும். விடியக்காலம் பிளக்கு அப்பளமா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. வீடு தப்பினது அவன் அம்மா செஞ்ச புண்ணியம். பெட்டியிலேர்ந்து தனியா 4 ஸ்கொயர் வயரு, தனி எம்சிபி, நல்ல எர்த்து. இத எலக்ட்ரீசியன் செய்யட்டும், நீ டீ வாங்கிக் குடு. எர்த்து சரியில்லேன்னா சார்ஜரு செவப்பு வெளக்கக் காட்டி மொறச்சுக்கும். அத ஏமாத்த வழி இருக்குன்னு எந்தப் பயலாவது சொன்னா, அவன் வீட்டுல கை நனைக்காத.

பானட்டுக்குள்ள ஆரஞ்சு கலர்ல தடியா ஒரு வயரு ஓடும். அது பெரிய பேட்டரி சங்கதி, கும்புட்டுட்டு மூடிரு. கலர் கலரா சீரியல் லைட்டு மாட்டுற ஆசை இருந்தா அதையும் விட்டுரு. உள்ள 12 வோல்ட்டு சின்ன பேட்டரி ஒண்ணு தனியா இருக்கு. அது செத்தா, பெரியது நெறஞ்சு தளும்பினாலும் வண்டி கண்ணே தொறக்காது.

சனிக்கிழமை கழுகுமலைக்குப் போகணும்யா. சலங்கைய எறக்கிப் புளி போட்டு வெளக்கி வச்சிருக்கேன். முன் சீட்டு எனக்கு, அத்தை பின்னால உக்காந்துக்கிடுவா. பாயி ஞாபகமாக் கொண்டா.