பீர் கூலரில் ஒரு பணியிட மாற்றம்: தெர்மோஸ்டாட் பற்றிய ஆராய்ச்சி

கடையில் நின்று ஓய்வுபெற்ற பீர் கூலர் ஒன்றை வாங்கி, அதற்குள் பீரை நொதிக்கவைக்க முனையும் அமெரிக்கர் முதலில் கைவைப்பது அதன் தெர்மோஸ்டாட்டில்தான். அந்தத் தெர்மோஸ்டாட் மீது குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. பணிக்காலம் முழுவதும் பாட்டில்களை மூன்று நான்கு டிகிரி செல்சியஸில் வைத்திருந்தது; கேட்டால் இன்றும் வைக்கும். ஆனால் குடிக்கத் தயாரான பீருக்கு வேண்டிய குளிர் வேறு, பீராகிக்கொண்டிருக்கும் மால்ட் சாற்றுக்கு வேண்டிய குளிர் வேறு. லாகர் ஈஸ்ட் பொதுவாக 8 முதல் 13 டிகிரிக்குள் வேலை பார்க்கும். ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 வரை கேட்கும். மூன்று டிகிரியில் ஏல் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிடும். லாகர் ஈஸ்ட் பேருக்கு வேலை செய்யும். ஆக, பழுதில்லாத ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். இதைப் ‘பழுதுபார்த்தல்’ என்ற தலைப்பில் அடக்குவது பிழை. இது பணியிட மாற்றம். தெர்மோஸ்டாட் என்பது ஒரு பதவி என்பதும், ‘குளிர் போதும்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் உண்டோ அவரே அப்பதவியில் இருப்பவர் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று பவேரியாவிலிருந்து கிடைக்கிறது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போவதைக் கண்ட அந்நாட்டுக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று 1553-இல் ஆணையிட்டார். ஆணையைக் கூர்ந்து படித்தால் அதன் உள்ளமைப்பு புலப்படும்: வெயில் ஏறினால் அணை, குளிர் வந்தால் போடு. இரண்டே நிலை கொண்ட தெர்மோஸ்டாட் அது. ஒருமுறை அணைத்தால் மீண்டும் போட ஐந்து மாதம் ஆகும் என்பது ஒன்றே குறை. 1870-களில் கார்ல் வான் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் மியூனிக் நகரின் ஸ்பாட்டன் ஆலைக்குள் நுழைந்தபின் கோமகனின் பதவிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த சான்று விஸ்கான்சின் மாநிலத்து வொயிட்வாட்டர். அங்கே வகுப்பறை சூடா குளிரா என்று பார்க்கப் பள்ளிக் காவலாளி அடிக்கடி உள்ளே வந்து பாடத்தைக் கலைத்தாராம். கீழே கொதிகலன் அறையில் மணியடித்து அவருக்குச் சேதி சொல்லும் கருவிக்கு ஆசிரியர் வாரன் ஜான்சன் 1883-இல் காப்புரிமை பெற்றார். ஈராண்டு கழித்து அவர் கம்பெனி தொடங்கிய ஊர் மில்வாக்கி. பீர் ஆலைகளுக்குப் பேர்போன அந்த ஊரை அவர் தேர்ந்தது தற்செயல் என்று வரலாற்றாசிரியர் சொல்லக்கூடும்; இந்த ஆய்வு அதை ஒப்புக்கொள்ளாது. 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சும் பீரை வரியிலிருந்து விடுவித்தது. தனி ஆளுக்கு ஆண்டுக்கு 100 கேலன், வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு 200 கேலன் என்று அளவு குறித்த சட்டம், டிகிரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆக, பதவி காலியாக இருந்தது.

இனிப் பரபக்கத்தார் தடைகள். ‘பழைய குமிழையே திருகிக் குளிரைக் குறைத்தால் ஆகாதோ’ என்பார்க்கு: ஆகாது. மெல்லிய குழாயில் அடைபட்ட வாயு சூட்டில் விரிந்து துருத்தியைத் தள்ள, அது மின்தொடர்பை மூடுவதே பழைய முறை. குளிர்பானத்துக்கென்று அளந்து செய்த துருத்திக்கு, குமிழைக் கடைசிவரை திருகினாலும் ஏழெட்டு டிகிரிக்கு மேல் போக மனம் வராது. ‘எதையும் வெட்டாமல், சுவரிலுள்ள பிளக்குக்கும் கூலருக்கும் நடுவே டிஜிட்டல் கன்ட்ரோலரைச் செருகினால் போதுமே’ என்பார் தடை வலுவானது. பழையதை உச்சக் குளிரில் வைத்துவிட்டால் அது எப்போதும் ‘போடு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், முடிவெடுப்பது புதியது. பழையவருக்குச் சம்பளம் போகிறது, நாற்காலியும் இருக்கிறது, கோப்பு மட்டும் வருவதில்லை. மின்வயரில் கைவைக்க அஞ்சுவோர்க்கு இதுவே நல்வழி. ஆனால் மின்சாரம் மொத்தமாக நிற்கும்போது உள்ளே காற்றைச் சுழற்றும் ஃபேனும் நின்றுபோவதால், முறைப்படி செய்வோர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய தெர்மோஸ்டாட்டின் இரண்டு வயரையும் புதியதன் ரிலேக்கு மாற்றுகிறார்கள். அப்போது கத்தரிக்கத் தக்கது துருத்திக் குழாய் மட்டுமே. அதேபோல் ஒல்லியாக ஓடும் குளிர்பதனச் செம்புக்குழாயை வெட்டினால் வாயு வெளியேறி ஆராய்ச்சி அன்றோடு முடியும். புதிய கூலர்கள் பலவற்றில் அந்த வாயு தீப்பற்றக்கூடியது.

பெரிய விவாதம் சென்சாரை எங்கே வைப்பது என்பதில். காற்றில் தொங்கவிடுவோர் ஒரு கட்சி. கதவைத் திறக்கும்தோறும் காற்றுச் சூடேறி, கம்ப்ரசர் பதறி எழுந்து, உடனே அடங்கும். பாத்திரத்தில் நொதிக்கும் இருபது லிட்டர் திரவத்துக்கோ ஒன்றும் தெரியாது. அதைவிட மோசம், நொதிக்கும்போது ஈஸ்டே வெப்பத்தை வெளியிடுவதால் உள்ளே இருப்பது சுற்றுக் காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். காற்றைக் கேட்டுத் திரவத்துக்குத் தீர்ப்பு எழுதும் நிர்வாகம் இது. திரவத்துக்குள்ளேயே செருகுவோர் மறுகட்சி. இருபது லிட்டர் நிதானமாகக் குளிர்வதற்குள் காற்று உறைநிலையை எட்டிவிடும். கம்ப்ரசர் நின்றபின்னும் அந்தக் குளிர் மிச்சவேலையைச் செய்து குறித்த எல்லையைத் தாண்டவைக்கும். பாத்திரத்தின் பக்கவாட்டில் சென்சாரை ஒட்டி, மேலே நுரைப்பஞ்சு வைத்துக் காற்றிலிருந்து மறைப்பது நடுவழி. பெருமளவு திரவத்தையும் சிறிதளவு காற்றையும் கேட்பதால் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

‘புதியவருக்கு வரம்பற்ற அதிகாரம் ஆகாதே’ என்பார் அச்சம் வீண். நின்ற கம்ப்ரசரை உடனே கிளப்பினால், இருபக்க அழுத்தமும் சமனாகாத நிலையில் மோட்டார் திணறும். ஆகவே எத்தனை அவசரமானாலும் மூன்று நிமிடம் பொறுக்கும்படி கன்ட்ரோலரில் தாமதம் வைக்கலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எஸ்.டி.சி-1000 போன்ற கன்ட்ரோலர்களில் குளிர்விக்க ஒன்று, சூடாக்க ஒன்று என இரண்டு ரிலே. மில்வாக்கியில் ஜனவரி மாதத்துக் கராஜ் உறைநிலைக்குக் கீழே போகும். ஏல் ஈஸ்டுக்கு 18 டிகிரி தர, பீர் கூலருக்குள் சூட்டுப்பட்டை வைக்க வேண்டியதாகிறது. இரண்டுக்கும் இடையே விடும் வித்தியாசத்தை 0.3 டிகிரி என்று கஞ்சத்தனமாக அமைத்தால், பட்டை சூடாக்கியதைக் கம்ப்ரசர் குளிர்விக்க, கம்ப்ரசர் குளிர்வித்ததைப் பட்டை சூடாக்க, இருவரும் இரவெல்லாம் எதிரெதிர் ஆணை பிறப்பித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு டிகிரி என்று மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்ரசர் வயரைக் கழற்றி ஏப்ரல் வரை விடுப்பில் அனுப்பிவிடலாம்.