வெக்கைக்கு வரியில்லை

சென்னையின் நடைபாதையில் உட்கார்ந்து நாலு முழம் மல்லிகைப்பூ விற்க வேண்டுமானால் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். அடையாள அட்டை வேண்டும். விற்பனைச் சான்றிதழ் வேண்டும். உட்காரும் இடம் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும், அன்றைக்குப் பார்த்து அந்த வழியாக அமைச்சர் யாரும் வராமலிருக்க வேண்டும்.

அதே நடைபாதையில், பூ விற்கும் அம்மாவின் முதுகுக்கு ஓர் அடி பின்னால், துணிக்கடை ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அட்டையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. "எழுந்திரு, எடு, கிளம்பு" என்று அதைப் பார்த்து எந்த அதிகாரியும் லத்தியால் தட்டியதில்லை. நடைபாதையை ஆக்கிரமிக்கக் கூடாது என்ற சட்டம் இருவருக்கும் பொதுதான். ஆனால் சட்டம் குனிந்து பார்ப்பது பூக்கூடையை மட்டும். இரும்புக் கூண்டு அடித்து, சிமென்ட் திண்டு கட்டி, பூட்டுப் போட்டு வைத்த கம்ப்ரசருக்கு நம் அகராதியில் வேறு பெயர்: வளர்ச்சி.

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. அது எதையும் உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளிய கூலிக்கு இழுத்த மின்சாரத்தையும் வெப்பமாக்கிச் சேர்த்துக் கொட்டுகிறது. ஒன்றரை டன் இயந்திரம் முழு மூச்சில் ஓடினால் அறையிலிருந்து 5 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வெப்பத்தை எடுக்கும். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் மின்சாரம் தின்னும். ஆக, தெருவுக்கு வருவது ஆறரை கிலோவாட்டுக்கு மேல். 2,000 வாட் கீசர் மூன்றுக்கு மேல் தெருவில் வைத்து ஓட்டுவதற்குச் சமம். 20 டன் ஓடும் ஷோரூம் என்றால் சுமார் 90 கிலோவாட், அதாவது நாற்பத்தைந்து கீசர். உள்ளே பட்டுப்புடவை புரட்டுகிறவர்களுக்கு நெற்றி வியர்க்கக் கூடாதல்லவா!

இது கற்பனை பயமில்லை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரை வைத்து 2014இல் வெளிவந்த ஆய்வு, ஏ.சி.கள் கொட்டும் வெப்பம் மட்டுமே அந்த நகரத்தின் இரவு வெப்பநிலையைச் சில இடங்களில் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்துகிறது என்று கணக்கிட்டது. அது அகலமான தெருக்களும் தனித்தனி வீடுகளும் உள்ள ஊர். சென்னையின் குறுகலான ரங்கநாதன் தெருவின் அகலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நம் அரசுகளுக்கு ஏ.சி. மேல் அக்கறை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் கண் விழிக்க வேண்டும் என்பது விதி. ரிமோட் நம் கையில் இருப்பதால் அந்த விதிக்கு ஆயுள் சில விநாடி. 2025 ஜூனில் ஒன்றிய மின்துறை அமைச்சர் மனோகர் லால், இனி ஏ.சி.கள் 20க்குக் கீழே இறங்காது, 28க்கு மேலே ஏறாது என்று அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அறைக்குள் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று டெல்லி இவ்வளவு கவலைப்படுகிறது. அறைக்கு வெளியே நிற்பவனுக்கு எத்தனை டிகிரி என்று கேட்க ஒரு துறையும் இல்லை. 2019இல் ஒன்றிய அரசே வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டத்தின்படி நாட்டில் ஏ.சி. இருந்த வீடுகள் 8 விழுக்காடு. அந்த எட்டு வீடு கொட்டுவதை மிச்சம் தொண்ணூற்றிரண்டு வீடு வாங்கிக்கொள்கிறது. ரசீது கிடையாது.

தமிழக அரசு இன்னும் ஒருபடி மேல். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேரிடர் என்பது வானத்திலிருந்து இறங்கும் வெப்பத்துக்கு மட்டும் வைத்த பெயர். சுவரிலிருந்து வந்தால் அது வியாபாரம். உயிரோடு இருக்கும்போது முதுகில் அடிக்கும் சுடுகாற்றைத் திருப்பிவிட ஒரு தகடு வைக்க நாதியில்லை. செத்தபின் லட்சத்தில் பேசுவோம்.

2021இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய மாநிலமும் இதுதான். அந்த உரிமை கண்ணாடிக் கதவு வரைக்கும். கதவுக்கு வெளியே, தொப்பியும் முழுக்கைச் சட்டையும் மாட்டி, யூனிட் ஊதும் காற்றில் பத்து மணி நேரம் நின்று கதவு திறந்துவிடும் செக்யூரிட்டி அண்ணனுக்குக் கிடைப்பது, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தில் படும் அரை விநாடிக் குளிர். அதற்கும் நிர்வாகம் ஒருநாள் சம்பளத்தில் கழித்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்படியானால் ஏ.சி.க்கு அனுமதி என்பதே இல்லையா? இருக்கிறதே! மூன்றாவது மாடியில் ஆஸ்துமாக்கார அம்மாவுக்காகத் தவணையில் ஒரு ஏ.சி. வாங்கும் சம்பளக்காரரைக் கேளுங்கள். அசோசியேஷன் என்.ஓ.சி. வேண்டும், செயலாளர் ஊரில் இல்லை. வீட்டு ஓனரிடம் கேட்க வேண்டும்; அவர் வாடகையில் ஆயிரம் ஏற்றிவிட்டுச் சரி என்பார். இ.பி.யில் கூடுதல் லோடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் ஆன்லைன்தான். ஆன்லைனில் போட்டு முடித்ததும், "சார், ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டுப் போங்க" என்று போன் வரும். எதைப் பார்க்க என்று கேட்பவன் இந்த ஊருக்குப் புதியவன். லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனம் தடவிய நோட்டோடு மின்வாரிய அலுவலக வாசலில் ஆளைப் பிடித்த செய்தி மாதம் தவறாமல் வருகிறது. அடுத்த மாதமும் வருகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையின் இரவுகளில் டிரான்ஸ்பார்மர் வெடித்த தெருக்களில், பழி ஒரே ஒரு ஏ.சி. வைத்திருந்த அந்த மூன்றாவது மாடிக்குத்தான்.

தலைக்கு மேல் தொங்குவதைப் பற்றியும் பேச வேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். அதன்பிறகுதான் கட்சிகளுக்கெல்லாம் பேனர் பிடிக்காமல் போனது, கொஞ்ச நாளைக்கு. 2024 ஆகஸ்டில் டெல்லி கரோல் பாக்கில் ஓர் அவுட்டோர் யூனிட் மாடியிலிருந்து கழன்று, கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பையன் தலையில் விழுந்தது. நாடே அந்த சி.சி.டி.வி. காட்சியைப் பார்த்தது. பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனது. உங்கள் தெருவில் அண்ணாந்து பாருங்கள். எத்தனை ஸ்டேண்டில் துரு வழிகிறது, எத்தனை போல்ட் ஆடுகிறது என்று எந்த மாநகராட்சியின் எந்த நோட்டிலும் இருக்காது. இங்கே ஓர் உயிர் விழுந்தால்தான் ஒரு சுற்றறிக்கை எழும். நம்மூரில் இன்னும் விழவேண்டியவர் விழவில்லை போலும்.

மாட்டுகிறவர் கதை தனி. "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்று முழுப் பக்க விளம்பரம். சன்ஷேடில் ஒரு கால், ஜன்னல் கம்பியில் ஒரு கை, வாயில் ஸ்பேனர். இடுப்புயரத்தில் ஒரு கயிறு தெரிந்தால் ஏமாறாதீர்கள். அது யூனிட்டை இறக்கும் கயிறு; ஆளைப் பிடிக்கும் கயிறு அல்ல. யூனிட்டுக்கு வாரண்டி உண்டு. சிங்கப்பூரில் பயிற்சி முடித்துச் சான்று பெற்றவர்தான் ஏ.சி. மாட்டலாம். இங்கே மாட்டிப் பிழைத்தால் அதுவே பயிற்சி.

மற்ற ஊர்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது. இங்கிலாந்தில் வீட்டுக்கு வெளியே, ஏ.சி.க்கு உறவான ஹீட் பம்ப் வைத்தால், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஒரு மீட்டர் முன்னால் அதன் இரைச்சல் 42 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பல ஆண்டு கணக்குப் பார்த்தார்கள். எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம்தான் விலக்கினார்கள். ஜெனீவாவில் நிலையான ஏ.சி. பொருத்த, அது எனக்குத் தேவை என்று நிரூபித்து அனுமதி வாங்க வேண்டும். ஹாங்காங்கில் ஏ.சி.யிலிருந்து கீழே போகிறவர் மேல் தண்ணீர் சொட்டினால் நோட்டீஸ் வரும்; அதை மதிக்காவிட்டால் அபராதம். தண்ணீருக்கு! பக்கத்து வீட்டுக்காரனின் காதும், கீழே போகிறவனின் சட்டையும் அங்கே சட்டத்துக்குத் தெரிகிற பொருட்கள். நமக்கு முதுகே தெரியவில்லை.

உடனே "அதே போல நாமும் ஒரு விதி கொண்டுவருவோம்" என்று எவராவது கிளம்பினால் எனக்கு நடுக்கம் வருகிறது. இங்கே விதி எப்படிப் பிறக்கும் என்று தெரியும். முதலில் ஒரு கவுண்டர். கவுண்டருக்கு வெளியே ஒரு புரோக்கர். அவருக்கு ஒரு ரேட். மூன்றாவது மாடி சம்பளக்காரர் வரிசையில் நிற்பார். 20 டன் ஷோரூமுக்கு அனுமதி வீடு தேடி வரும். பிறகு வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணையும் வரும். இதுவரை வரவில்லை. வந்தால் இப்படித்தான் இருக்கும்:

"பொருள்: நடைபாதை – சுடுகாற்று செல்லும் வழி – பூ விற்பவரின் முதுகு குறுக்கிடுதல் – அகற்றிக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: துணிக்கடை நிர்வாகத்தின் வாய்மொழிப் புகார்.

மேற்காண் பொருளில், தங்களது முதுகு மேற்படி நிறுவனத்தின் யூனிட்டிலிருந்து வெளியேறும் காற்றின் இயல்பான போக்குக்கு இடையூறாக இருப்பது கள ஆய்வில் தெரியவருகிறது. மேலும், தாங்கள் அக்காற்றினை எவ்விதக் கட்டணமும் செலுத்தாமல் நாள் முழுவதும் பெற்றுவருவதும், அதனால் மல்லிகை விரைந்து வாடுவதாகப் பொது இடத்தில் புலம்பி நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்பதும் இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. எனவே, இக்குறிப்பாணை கிடைத்த ஏழு தினங்களுக்குள் தங்கள் முதுகை அப்புறப்படுத்திக்கொள்ளவும், தவறும்பட்சத்தில் இவ்வலுவலகத்தாலேயே அப்புறப்படுத்தப்பட்டு அதற்கான செலவினம் தங்களிடமிருந்து வசூலிக்கப்படும் எனவும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் தராமல், சான்றிதழ் வைத்திருக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. குறிப்பாணை எழுதுபவருக்கும் அது தெரியும். ஏழு நாள் என்று போட்டதே கருணை. நடப்பில் லாரி வந்து நின்ற பிறகுதான் நோட்டீஸே வரும்; சில நாள் லாரி மட்டும் வரும்.

வேண்டியது பெரிய சட்டமே அல்ல. நடப்பவர் உயரத்தில் சுடுகாற்றைத் தெருவுக்கு ஊதக் கூடாது. மொட்டை மாடிக்கு ஏற்று, அல்லது தலைக்கு மேலே திருப்பு. தொங்கும் ஸ்டேண்டுக்கு ஒரு சோதனை. மாட்டுகிறவருக்கு இடுப்புப் பட்டை. அதில்லாமல் ஏற்றும் நிறுவனத்துக்கு அபராதம். கட்டணம் வேண்டுமென்றால் டன் கணக்கில், பெரிய கடையிலிருந்து தொடங்கு, ஒரு ஏ.சி. வீட்டை விட்டுவிடு. இவ்வளவுதான்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்லாதீர்கள். தள்ளுவண்டிகளை ஒன்றுவிடாமல் எண்ணிய அதே ஆட்களை அனுப்புங்கள். இந்த வேலை அதைவிட சுலபம். லாரியைக் கண்டால் கம்ப்ரசர் ஓடாது. தொட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும் என்பதுதான் பயமென்றால், அதையே சட்டமாக எழுதி அரசிதழில் போட்டுவிடுங்கள்: போன் போட ஆள் உள்ளவருக்குக் குளிர், ஆள் இல்லாதவருக்கு வெக்கை. உங்கள் விதிகளில் அது ஒன்றாவது உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.