கோபர்கைரனே மொட்டைமாடி அசனம்

கோபர்கைரனே, நவி மும்பை
டிசம்பர் 28

பாளையங்கோட்டை வீட்டாருக்கு,

கோபர்கைரனேயில் கிறிஸ்மஸ் விருந்து வைக்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள் பெரும்பாலும் ஊருக்கு டிக்கெட் கிடைக்காத குடும்பங்களே. 2024 நவம்பருக்கு முன்பு ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்னால் திறந்தது. இப்போது 60 நாள். ஏமாற்றம் இரண்டு மாதம் தள்ளி வருகிறது என்பதுதான் வித்தியாசம். அக்டோபர் கடைசியில் ஒரு காலைப்பொழுதில் எல்லார் டிக்கெட்டும் வெயிட்டிங் லிஸ்டில் விழும். அன்று சாயங்காலமே, “இந்த வருஷம் எல்லாரும் இங்கேயே சாப்பிட்டிருவோம்” என்று யாராவது ஒருவர் சொல்வார். சொன்னவர் வீட்டில்தான் விருந்து என்பது எழுதாத சட்டம்.

ஊரில் அசனம் என்ற சபை விருந்து வைத்தால் யார் யார் வருவார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை, ஊரே வரும். அரிசி மூட்டைக் கணக்கில் இறங்கும், ஆண்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஆக்குவார்கள், ஆராதனை முடிந்ததும் பந்தி. கோபர்கைரனே அப்படியல்ல. 1970இல் தொடங்கிய சிட்கோ நிறுவனம் திட்டம் போட்டுக் கட்டிய நவி மும்பையில் இது ஒரு பகுதி. செக்டர் எண்ணைச் சொன்னால்தான் ஆட்டோ நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். பின்னாளில் சொந்த ஃப்ளாட் தேடிக் கடற்கழியைத் தாண்டியவர்களில் சிலர் இங்கே வந்தார்கள். ஆகவே வீடு ஓரிடம், சொந்தம் ஓரிடம், கடை இன்னோரிடம். சமைப்பதற்கு முன் ஊரையே சேர்க்க வேண்டியிருக்கிறது. விருந்து வேலையில் பாதி அதுதான்.

அழைக்கப்படுவோர் நால்வகைப்படுவர். முதல் வகை, சொந்தக்காரர்கள். தாராவி, செம்பூர்ப் பக்கமிருந்து ரயில் மாறி வர வேண்டியவர்கள். “ரொம்ப தூரம், பாப்போம்” என்று இழுத்துவிட்டு, மூன்று பேர் என்று சொன்ன இடத்தில் ஐந்து பேராக வருவது இவர்கள் இயல்பு. இரண்டாம் வகை, மாலை போட்ட நண்பர்கள். சபரிமலை விரதம் கார்த்திகை முதல் தேதி தொடங்குவதால் கிறிஸ்மஸ் எந்தக் கிழமையில் வந்தாலும் அதற்குள்தான் விழும். மூன்றாம் வகை, மராத்தி அண்டை வீட்டார். கறி சாப்பிடுவதில் இவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் செவ்வாய், வியாழன், சனி என்று வீட்டுக்கு வீடு ஒரு கிழமை விலக்கு உண்டு. மார்கசீர்ஷ மாதத்து வியாழக்கிழமை லட்சுமி விரதம் சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசிவரை நீளும் என்பதால் கிறிஸ்மஸுக்கும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. நான்காம் வகை, வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் தொடாத ஜைனக் குடும்பம். இவர்களுக்காகப் பிரியாணியைத் திருத்தினால் மிஞ்சுவது அரிசியும் நல்லெண்ணமும்தான். அதிரசமும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்புவதே மரியாதை. இந்த வகைகளை உத்தேசித்துத்தான் ஒரு விருந்துக்கு இரண்டு அடுப்பு, இரண்டு செட் கரண்டி. சாம்பார்ப் பாத்திரத்தில் கறிக்கரண்டி விழாமல் காவல் காக்க மாலை போட்டவர்களில் ஒருவரையே உட்கார்த்திவிட்டால் பிறகு கவலையில்லை.

சாமான் வாங்குவது ரயில் பாதையை ஒட்டியே நடக்கும். 2004இல் ஓடத் தொடங்கிய தானே–வாஷி பாதையில் கோபர்கைரனே ஒரு ஸ்டேஷன். வாஷிப் பக்கம் அடுத்தது துர்பே, அங்கே ஏ.பி.எம்.சி. மொத்தச் சந்தை. வெங்காயமும் மசாலாவும் மூட்டையாகத்தான் பேசும். கால் கிலோ ஏலக்காய் கேட்பவரை வழி தவறி வந்தவராகவே வியாபாரி பார்ப்பார். சீரகச் சம்பாவுக்கும் வாழையிலைக்கும் எதிர்த்திசையில் போக வேண்டும்: தானேயில் மாறி, சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டி. சயானில் இறங்கினால் தாராவி, அரிசி அங்கே; அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா, இலை அங்கே. பக்கத்துக் கடையில் பாஸ்மதி இருக்கிறதே என்று கேட்கலாம். பாஸ்மதி நீளம் காட்டும், கறிச்சாறை வாங்காது என்பது திருநெல்வேலிக்காரர் கட்சி. இதில் சமரசம் கிடையாது. திரும்பும்போது சாதாரணப் பெட்டியில் ஏறக் கூடாது. சாயங்கால நெரிசலில் இலைக்கட்டோடு ஏறியவர் இறங்கும்போது கையில் நார்தான் மிஞ்சும். லக்கேஜ் டப்பாவே உசிதம். அங்கே கூடைக்காரப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், இலை என்ன விலை என்று விசாரித்து, ஏமாந்துவிட்டதாகத் தீர்ப்பும் சொல்வார்கள்.

பாத்திரமும் பர்னரும் மண்டப் டெக்கரேட்டரிடம் வாடகைக்குக் கிடைக்கும். 5 கிலோ அரிசிக்குச் சுமார் 40 லிட்டர் கொள்ளும் தேக்சா வேண்டும். வீட்டு ஸ்டவ்வில் அதை ஏற்றினால் ஸ்டவ்வும் தெரியாது, சூடும் தெரியாது. ஆகவே மொட்டைமாடி. மொட்டைமாடிச் சாவி சொசைட்டி செக்ரட்டரியிடம். தண்ணீர்த் தொட்டி அருகே நெருப்புக் கூடாது, தரை கறுக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல் பாட்டுக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சாவி வரும். கடைசி நிபந்தனை நாட்டுச் சட்டமும்கூட. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்தலாம். விடிய விடிய கேரல் ரவுண்ட்ஸ் போன தொண்டைகள் இங்கே ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டை ஓட்டமாக ஓட்டி முடிக்கின்றன.

தேக்சாவை மேலே ஏற்றுவது தனி அத்தியாயம். கோபர்கைரனேயில் ஏ.பி.எம்.சி.யில் மூட்டை தூக்கும் மாதாடித் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய. 1969இலேயே இவர்களுக்கென்று மகாராஷ்டிரம் தனிச் சட்டம் போட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐ.டி. கம்பெனி இளைஞர்கள் நான்கு பேர் ‘ஒன், டூ, த்ரீ’ சொல்லி, சாமான் நிறைந்த தேக்சாவை இரண்டு படி ஏற்றி மூச்சு வாங்குவார்கள். கீழ்வீட்டு மாதாடிக்காரர் தோள் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, பேச்சுக்கூட நிற்காமல் மூன்று மாடி ஏறிவிடுவார். அவர் குடும்பம் அந்த நிமிடமே விருந்தாளிப் பட்டியலில் சேரும்.

நாற்பது பேருக்கு அரிசி 5 கிலோ, ஆட்டுக்கறி 6 கிலோ, வெங்காயம் 3 கிலோ, தக்காளி 2 கிலோ, தயிர் 1 லிட்டர். நாலு பேருக்கான அளவைப் பத்தால் பெருக்குவது கன்னிச் சமையல்காரர்கள் செய்வது. தேக்சாவுக்குள் பெருக்கல் வாய்ப்பாடு செல்லாது. பட்டை, கிராம்பைப் பத்து மடங்கு போட்டால் பல்வலி மருந்து மாதிரி மணக்கும். ஆறு, ஏழு மடங்கே தாராளம். ஆழமான பாத்திரத்தில் நீர் ஆவியாவது குறைவு. ஆகவே படிக்கு இரண்டு படி தண்ணீர் வைத்துப் பழகிய கை ஒன்றரையில் நிற்க வேண்டும். கறி விட்ட சாறும் அந்த ஒன்றரைக்குள் அடக்கம். மீறினால் மேல் அரிசியின் பாரத்தில் அடி அரிசி குழைந்து, பிரியாணி பொங்கலாகும்.

வெங்காயம் வதங்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். கறி முக்கால் வேக்காடு வெந்து எண்ணெய் மேலே மிதந்ததும், அரை மணி ஊறிய அரிசியைப் போட வேண்டும். அரிசியும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்து, மேலே குமிழ் வெடித்துச் சின்னச் சின்னக் குழி விழும் நேரம்தான் தம் போடும் நேரம். ஊரிலிருந்து பெரியம்மா வீடியோ காலில் வருவதும் அப்போதுதான். போனைத் தேக்சாவுக்கு மேலே பிடித்தால் கேமராவில் ஆவி படிந்து, அங்கே தெரிவது வெறும் வெள்ளை. அதைப் பார்த்தே, “தண்ணி கூடிப்போச்சுல்லா” என்று சொல்லும் ஞானம் பெரியம்மாக்களுக்கு மட்டுமே வாய்த்தது. பெரும்பாலும் அது சரியாகவும் இருப்பது ஆராய்ச்சிக்குரியது. ஊரில் மூடிமேல் விறகுத்தணல் கொட்டுவார்கள். மாடியில் தணலுக்கு அனுமதி இல்லாததால் கீழே பழைய தோசைக்கல், மேலே தண்ணீர் நிறைந்த அண்டா, மூடி விளிம்பில் பிசைந்த மாவு. தீயைக் குறைத்து 25 நிமிடம். ‘லேசாத் திறந்து பாரேன்’ என்று வரும் சிபாரிசுகளைத் தாங்க மன உறுதி வேண்டும்.

பலகாரம் சமையலில் சேராது. அது வெளியுறவுத் துறை. டிசம்பர் நடுவிலேயே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் கிளம்பிப் போகும். கோவா, மங்களூர்க் கத்தோலிக்கர் வீடுகளிலிருந்து குஸ்வார் என்ற கிறிஸ்மஸ் பலகாரத் தட்டு திரும்பி வரும். அதில் நெவ்ரி சோமாசிக்கு உறவு, குல்குல் கலகலாவுக்கு உறவு, அச்சுமுறுக்கு அச்சுமுறுக்கேதான். நாலு வீடு சுற்றிவிட்டுக் கிளம்பிய வீட்டுக்கே திரும்பும் அச்சுமுறுக்கும் உண்டு. மும்பையின் பூர்விகக் கத்தோலிக்கரான ஈஸ்ட் இந்தியர் வீட்டிலிருந்து பூகியா என்ற உப்பிய மாவு உருண்டையும், கூடவே பாட்டில் மசாலாவும் வரும். கோடையில் வறுத்து இடித்த அந்த மசாலாவைப் பழுப்பு நிற பீர் பாட்டிலில் குச்சியால் குத்தி அடைப்பது அவர்கள் வழக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா கண்ணில் அந்தப் பாட்டில் படாமல் வைப்பது நல்லது. விளக்கிச் சொல்லி மாளாது.

பரிமாறும் நேரம் சமைப்பவர் கையில் இல்லை. விடியற்காலை ஆராதனைக்குப் போனவர்கள் பதினொரு மணிக்கே பசியோடு நிற்பார்கள். இரவுப் பூசை கண்டு தூங்கி எழுந்த கத்தோலிக்க நண்பர்கள் இரண்டு மணிக்கு வருவார்கள். ஆகவே மூன்று பந்தி. டிசம்பர் ஆனாலும் நண்பகல் வெயில் சுடும். தேக்சா தந்தவரிடமே ஷாமியானாவும் உண்டு. முதல் பந்தி குழந்தைகள், பெரியவர்கள், மாலை போட்டவர்கள். கடைசிப் பந்தி சமைத்தவர்கள்; அவர்களுக்குக் கறி மிஞ்சும் என்ற உத்தரவாதம் கிடையாது. பிரியாணிக்குப் பின் ஒரு கை சோறும் ரசமும் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே திருநெல்வேலிக்காரர் கணக்கில் வராது. இலையில் ஓடும் ரசத்தைச் சோற்றில் குழி கட்டி மடக்கும் வித்தை மராத்தி நண்பர்களுக்கு ஒரே நாளில் வருவதில்லை. அவர்கள் அதை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.

இலைகள் ஈரக் குப்பைக்கு. மீந்த பிரியாணி வந்தவர்களின் டப்பாக்களில். மறுநாள் காலை பாத்திரங்கள் எண்ணித் திரும்ப வேண்டும். கரண்டி ஒன்று குறைந்தால் அட்வான்ஸில் கழியும். செலவில் பங்கு கேட்பது முறையல்ல. கேட்காமலே சொந்தக்காரர்கள் யூ.பி.ஐ.யில் அனுப்புவார்கள். வாங்கிக்கொள்வதும் முறையல்ல என்பதால் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தொகை தாராவிக்கும் கோபர்கைரனேக்கும் இடையே சில முறை போய்வந்து, கடைசியில் ‘பிள்ளைகளுக்குப் புது வருஷத் துணிக்கு’ என்ற குறிப்போடு ஏதாவது ஒரு பக்கம் நின்றுபோகும்.

மற்றவை நேரில்.