எதை எடுக்கலாம், மாப்ளே?

"மாப்ளே, ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு 2011 இன்னோவா, ஒண்ணு 2015 பொலிரோ. ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்லுதான். எதை எடுக்கலாம்?"

பதில் சொல்லிவிடாதீர்கள். போன் வந்தது போல எழுந்து போங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒன்றும் முடியாவிட்டால் மழை வருமா என்று கேளுங்கள். சொன்னால் தொலைந்தீர்கள்.

இவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். எங்கள் ஊரில் இருப்பவர் என் மனைவிக்குத் தாய்மாமன் என்பது தற்செயல்.

"இன்னோவாவை எடுங்க மாமா" என்று யாராவது வாய் திறந்தால், அந்த நொடியே பொலிரோவுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவார்.

"இன்னோவாவா? மீட்டர்ல ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் ஓடியிருக்கு மாப்ளே. பதினஞ்சு வருஷம் முடியப் போவுது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டு நிறுத்தணும், எஃப்.சி. காட்டணும், பசுமை வரி கட்டணும். முன்னால டி போர்டுல ஓட்டிட்டு வெள்ளை போர்டா மாத்துன வண்டியா இருந்தா? இன்ஜெக்டர் போச்சுன்னா செலவை யாரு பாப்பா? பொலிரோன்னா எந்த முக்குல நின்னாலும் ஸ்பானரைத் தூக்கிட்டு ஒருத்தன் வருவான். அதுவும் நம்ம சாஸ்தா கோயிலு தேரிக்குள்ள இருக்கு. அந்தச் செம்மணல்ல இன்னோவா வயித்தைத் தரையில வச்சிட்டு உக்காந்துக்கிடும்."

நியாயமாகத்தான் படும். "சரி மாமா, பொலிரோவையே எடுங்க" என்பீர்கள். உடனே கட்சி மாறும்.

"பொலிரோவா? பின்னாடி பட்டை ஸ்பிரிங் மாப்ளே, பட்டை! கோயிலுக்குப் போயி இறங்கும்போது அம்மாவுக்கு இடுப்பு இருக்காது. படி வேற உயரம், அவளை ஏத்த ரெண்டு ஆளு வேணும். கடைசி சீட்டு எதிரெதிரா இருக்கு. பாபநாசம் மலை ஏறுனா பிள்ளைக ஒண்ணு மேல ஒண்ணு வாந்தி எடுக்கும். ரெண்டுலயும் ரெண்டரை லிட்டர் என்ஜின்தான். இன்னோவா நூறு குதிரைக்கு மேல இழுக்கும், இது அறுபத்து மூணு. நாலுவழிச் சாலையில ஒரு லாரியை முந்தணும்னா நாங்குநேரியில ஆரம்பிச்சு வள்ளியூர்ல முடிக்கணும்."

கொடுமை என்னவென்றால், இரண்டு பக்கமும் அவர் சொல்வது சரி. ஒரு தகவலில்கூடப் பிசகு இருக்காது. இத்தனை தெரிந்தவர் நம்மிடம் ஏன் கேட்கிறார் என்றுதான் யாருக்கும் விளங்குவதில்லை.

"குடும்பத்தோட நீங்க போறது பங்குனி உத்திரத்துக்கு மட்டும்தானே, வாடகைக்கு ஒரு வேன் பிடிச்சா முடிஞ்சது" என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "குலதெய்வத்தைப் பாக்க வாடகை வண்டியிலயா போவாங்க?" என்று எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருஷமும் எப்படிப் போனார் என்று கேட்கக் கூடாது. வாடகை வேனில்தான் போனார்.

ஒரு கல்யாண வீட்டில் நானும் என் சகலையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். அவர் கேட்டு வாய் மூடியதும் ஒரே நேரத்தில் நான் "இன்னோவா" என்றேன், சகலை "பொலிரோ" என்றார். எந்தப் பக்கம் மறுத்தாலும் இன்னொரு பக்கம் ஒத்துக்கொண்டதாகிவிடுமே, மனுஷன் மாட்டினார் என்று நினைத்தோம். இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "பாத்தீங்களா, உங்களுக்குள்ளயே ஒத்துப் போகலை. ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் எடுப்போம்."

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. முதலில் குவாலிஸா சுமோவா என்று யோசித்தார். யோசனை முடிவதற்குள், 2005-இல், நன்றாக விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை டொயோட்டாவே நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தது. பழைய வண்டிக்கு என்ன, சந்தையில் கிடைக்கத்தானே செய்தது? ஆனால் "கம்பெனியே கைவிட்ட வண்டி" என்று ஒரு காரணம் சிக்கியது. அடுத்து டவேராவா சைலோவா. அது முற்றிக்கொண்டிருந்தபோது, 2017 முடிவில் செவ்ரோலே இந்தியாவில் கார் விற்பதையே விட்டுவிட்டுப் போனது. 2019-இல் சைலோவும் போயிற்று, சுமோவும் போயிற்று. இவர் பார்வை பட்டால் மாடல் தங்காது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு. பொலிரோ 2000-இலிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது, அதற்கு நல்ல கெட்டிக் கண்ணேறுகாப்பு இருக்க வேண்டும்.

நடுவில் டில்லி வண்டி மோகம் ஒன்று வந்து போனது. அப்போது அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்டக் கூடாது என்றிருந்தது, அதனால் மலிவாகத் தள்ளிவிட்டார்கள். "பாதி விலை மாப்ளே!" அந்த ஊரிலிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபடி ஆயுள் வரி கட்டிப் பதிவு மாற்றுவதற்குள் மீதிப் பாதியும் போய்விடும் என்று அவரே கணக்குப் போட்டார், அவரே விட்டார். இரவு பதினொன்றரைக்கு வண்டிப் படங்கள் அனுப்பும் பழக்கமும், இன்னும் வாங்காத வண்டி நாலு வருஷம் கழித்து என்ன விலை போகும் என்ற விசாரமும் தனிக்கதை.

இதுவரை சிரிக்கலாம். வண்டி பார்க்கப் போவதுதான் சிரிக்க முடியாதது.

தனியாகப் போகமாட்டார். எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாய் காலை ஏழு மணிக்கே போகணும் என்பார். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த என்ஜின் முதல் ஸ்டார்ட்டை எப்படி எடுக்கிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று பார்த்தால்தான் பாதி சங்கதி தெரியும். மாமா பத்தரைக்கு வருவார். அதற்குள் விற்கிறவன் வண்டியை ஓட்டிச் சூடேற்றி, துடைத்து, பொட்டு வைத்து நிறுத்தியிருப்பான்.

ஒருமுறை வேறொரு வண்டி பார்க்கப் போயிருந்தோம். பாய் ஒரு பழைய கட்சி பேனரைத் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். சேசிஸைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து, ஓடுகிற என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். குப்குப்பென்று புகை கையை முட்டியது. "பேக் கம்ப்ரஷன் இருக்கு, ரிங்ஸ் தேஞ்சிருக்கு. என்ஜின் வேலை வரும்" என்றார். கதவைத் திறந்து பிரேக் பெடலைக் காட்டினார். மீட்டரில் எழுபதாயிரம். பெடல் ரப்பரோ வழித்தெடுத்த தேங்காய்ச் சிரட்டை மாதிரி இருந்தது. "மீட்டரைத் திருப்பியிருக்கான், விட்டுருங்க."

வேண்டாம் என்று சொல்லியாயிற்றல்லவா? மாமா அந்த வண்டிக்கும் வக்காலத்து வாங்கினார். "டீசல் வண்டின்னா கொஞ்சம் புகை இருக்கத்தானே பாய் செய்யும்?"

பாய் கடையைச் சாத்திவிட்டு வருகிறார். திரும்பும்போது அரை நாள் போயிருக்கும். மாமா ஒரு டீயும் ஒரு பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்து, "பாய் நம்ம ஆளு" என்று தோளைத் தட்டுவார். நம்ம ஆளுக்கு வீட்டு வாடகை கிடையாதா? ஸ்கூல் ஃபீஸ் கிடையாதா? லட்சக்கணக்கில் நஷ்டம் வராமல் தடுத்தவருக்கு ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்க ஒருநாளும் கை வந்ததில்லை. நான் கொடுத்தால் பாய் வாங்கமாட்டேன் என்கிறார். இது வேடிக்கையில்லை, உழைக்கிற மனிதனின் கூலி. இதை மாமா படிப்பார், படிக்கட்டும்.

போன வாரம் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அந்த 2011 இன்னோவாவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். "தங்கமான வண்டி மாப்ளே" என்றார். இரண்டு லட்சத்து எண்பதாயிரமும் எஃப்.சி.யும் போன இடம் தெரியவில்லை. என் மனைவி காப்பியைக் கொடுத்துவிட்டு, "விடுங்க மாமா, இனி குழப்பமே இல்ல. மிச்சம் இருக்கிறது பொலிரோ ஒண்ணுதானே, எடுத்துருங்க" என்றாள்.

அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒத்தை வண்டியை வச்சிக்கிட்டு எப்படிம்மா முடிவு எடுக்க? மாப்ளே, அந்த பாயிக்கு ஒரு போனைப் போடுங்க. இன்னொண்ணு பாப்போம்."