கமா போட்டால் கீழே விழும்

இருபது வருஷமாக சாப்ட்வேர் கம்பெனிகளுக்கு மேனுவல் எழுதிப் பிழைக்கிறேன். அவற்றை ஒருவராவது முழுசாகப் படித்துவிட்டதாக இதுவரை புகார் வரவில்லை. அந்த நிம்மதி போன மாசம் திண்டுக்கல் நாகல் நகரில், அத்தை வீட்டு முன்னறையில் கலைந்தது.

அத்தை பாட்டு டீச்சர். சாயங்காலமானால் முன்னறையில் சரளி வரிசை, பின்கட்டில் மாமாவின் பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம். ரெண்டும் ஒரே சுருதிதான் என்பது மாமாவின் கட்சி. இப்போது வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கீபோர்டு கிளாஸுக்கும் போகிறார்கள். ஸ ரி க ம என்று எழுதிக் கொடுத்தால் விழிக்கிறார்கள். ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைத்தால்தான் விரல் ஓடுகிறது.

“கம்ப்யூட்டருக்கு நோட்ஸ் எழுதுறவன்தானடா நீ? அந்த அஞ்சு கோடு போடுறதுக்கு எனக்கு வழி எழுதிக் குடு” என்றார் அத்தை.

வழி இருக்கிறது. லில்லிபாண்ட் என்று ஓர் இலவச மென்பொருள். ரெண்டு டச்சுக்காரர்கள் 1996-இல் ஆரம்பித்தது. புள்ளியை மவுஸால் இழுத்து வைக்கிற வேலை கிடையாது. கடுதாசி அடிப்பதுபோல எழுத்தில் அடித்தால், அச்சாபீஸில் கோத்த மாதிரி பக்கம் வந்துவிடும். காலங்காலமாகப் பாட்டை எழுத்திலேயே எழுதுகிற அத்தைக்கு இது தண்ணீர் பட்ட பாடு என்று நம்பி, முப்பத்தெட்டுப் பக்கம் எழுதிக் கொண்டுபோனேன்.

முதல் ஆறு பக்கம் மென்பொருளின் வரலாறு. அத்தை எச்சில் தொட்டுப் புரட்டி ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார். “பாட்டு எங்க இருக்கோ அங்கிட்டிருந்து ஆரம்பிப்போம்.”

‘சாய்கோடு போடவும்’ என்று எழுதியிருந்தேன். போட்டார். கம்ப்யூட்டர் கீபோர்டில் சாய்கோடு ரெண்டு உண்டு. அவர் போட்டது மற்றது. பிறகு மீசை வைத்த அடைப்புக்குறியைத் திறந்தவர் மூட மறந்தார். லில்லிபாண்ட் கடைசி வரியில் தப்பு என்றது. கடைசி வரி பாவம், ஒரு பாவமும் அறியாது. நாகல் நகரில் வீட்டைத் திறந்து போட்டதற்கு பஸ் ஸ்டாண்டில் நின்று விசில் ஊதுகிற போலீஸ் அது.

“பூட்டுக்காரன் வீட்டுப் பிள்ள. தொறந்தா மூடணும்னு எழுதத் தோணல பாரு.”

அடுத்தது எண். சுரத்துக்குப் பக்கத்தில் 4 போட்டால் கால், 8 போட்டால் அரைக்கால். நாலு என்றால் நாலு அட்சரம் என்று நினைத்து நீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். “பெரிய நம்பர் போட்டா சின்ன சுரமா? எந்த ஊரு நியாயம்டா?” பின்கட்டிலிருந்து மாமா, “பிரியாணியில அரை பிளேட், கால் பிளேட் இல்லையா, அது மாதிரி” என்று குரல் கொடுத்தார். என் ஒன்பதாம் பக்கம் முழுக்கச் சொல்ல முயன்றது அதைத்தான்.

நான் மாட்டியது கமாவில். நம் வழக்கத்தில் சுரத்துக்குப் பின்னால் கமா என்றால் இன்னொரு அட்சரம் நிற்க வேண்டும். அரைப்புள்ளி என்றால் ரெண்டு. லில்லிபாண்டில் கமா என்றால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கு. அதோடு நான் ‘ரிலேட்டிவ்’ முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதில் ஒவ்வொரு சுரமும் முந்தின சுரத்துக்குச் சொந்தக்காரன். அதற்குக் கிட்டத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காரும். சொந்தக்காரன் ஒருத்தன் சறுக்கினால் பின்னால் வருகிறவனும் அங்கிருந்துதான் சறுக்குவான். அத்தை ஸ ரி க ம-வை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கமா போட்டு அடித்தார். ஐந்து கோடுகளுக்குக் கீழே குட்டிக் குட்டிக் கோடுகள் கிணற்றுப் படி மாதிரி இறங்கின. நாலாவது சுரம், பியானோவில் கட்டையே இல்லாத ஆழத்துக்குப் போய்விட்டது.

அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “தூர் வாரப் போயிருக்கு.”

ராகத்திலும் வம்பு. சுலபமாக இருக்கட்டும் என்று சங்கராபரணத்தில் ஆரம்பித்திருந்தேன். “முதல் பாடம் மாயாமாளவகௌளடா.” அப்படியானால் ரி-க்கு ‘டெஸ்’, த-வுக்கு ‘ஆஸ்’ என்று அடிக்க வேண்டும், டச்சு வழக்கம். “சுரமா, தும்மலா?” தும்மல்கூடப் பரவாயில்லை. இன்ன ஸ்கேல் என்று மேலே அறிவித்த பிறகும் ஒவ்வொரு தடவையும் டெஸ், ஆஸ் என்று தும்மியே ஆக வேண்டும். ராகத்தைச் சொல்லிவிட்டால் எந்த ரி என்று திருப்பிக் கேட்பது குரு நிந்தனைக்குச் சமம் என்று வளர்ந்தவரிடம் இதை எப்படி விளக்க? என் மேனுவலில் ‘எளிதாக’ என்ற சொல் பதினேழு இடத்தில் இருந்ததை அத்தை எண்ணிக் காட்டினார்.

பிறகு காபியோடு பேச்சில் இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் வந்தார். பண்டிதர் ஆசிரியர் பயிற்சி படித்தது திண்டுக்கல்லில். வயலின் கற்றுக்கொண்டதும் இங்கே, சடையாண்டிப் பத்தரிடம். அது அத்தைக்குத் தன் சொந்த அண்ணன் சாதனை மாதிரி. பின்னால் தஞ்சாவூரில் இருந்தபோது, 1917-இல் அவர் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல், சுருதிக் கணக்கு. புதிதாகக் கற்கிறவர்களுக்கு ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்று பாட்டுப் புத்தகம் தனி.

“சாகரத்த வித்வான்களுக்கு வெச்சாரு. பிள்ளைகளுக்கு சொம்புல மொண்டு குடுத்தாரு. நீ என்னையப் பிடிச்சுக் கடல்ல தள்ளிட்ட.”

மாமா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பூட்டு வாங்க யாரோ வந்திருந்தார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேனுவல் இன்றுவரை கிடைக்கவில்லை. மாமா லீவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாவியை அவர் கையில் கொடுத்து, “திருப்பிப் பாருங்க” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

முப்பத்தெட்டுப் பக்கம் நாலாயிற்று. முதல் வரியே அத்தை அடிக்க வேண்டிய வரி. ரெண்டாவது, ‘பின்பக்கம் சாய்ந்த கோடு, எண்டர் சாவிக்குப் பக்கத்தில்’. கமாவுக்கு மட்டும் அரைப் பக்கம், கிணற்றுப் படம் சகிதம். அந்த ஞாயிறே அத்தை தன்னந்தனியாக முதல் சரளி வரிசையை அடித்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டார். கீபோர்டு பையன் பிசகில்லாமல் வாசித்தான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அத்தை காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ரி ஆடவே இல்லையேடா. கமகம் எங்க?”

ஐந்து கோட்டில் அதற்கு இடம் இல்லை அத்தை என்றேன்.

“எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர் 1904-லயே ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி போட்டுப் புத்தகம் அடிச்சாரு. அவருக்கென்ன கம்ப்யூட்டரா இருந்துச்சு?” என்று சொல்லிவிட்டு, என் நாலு பக்கத்தின் அடியில் பென்சிலால் ‘தொடரும்’ என்று எழுதி என் கையில் கொடுத்தார்.